ஆடிக் கோடும் ஐப்பசி வெள்ளமும்

ஆடிப் பெருக்கன்று ஓர் ஆற்றை வருணிக்கக் கிடைப்பது கதை சொல்லுகிறவனுக்கு அடிக்கிற யோகம். நுங்கும் நுரையுமாகச் சுழித்துக்கொண்டு வரும் செந்நிறப் புதுப்புனலையும், அதில் மிதந்து செல்லும் மலர்களையும், கரை கொள்ளாமல் நிற்கும் கூட்டத்தையும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போகலாம். ஆனால், வாசக நண்பர்களே, இன்று மாலை நான் உங்களை அழைத்து வந்திருக்கும் காரியாற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் ஓடுகிறது. இல்லாத வெள்ளத்தை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பிறகு உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை.

மற்றபடி அழகுக்குக் குறைவில்லை. கதிரவன் மேல்மலைத் தொடருக்குப் பின்னால் இறங்கிவிட்டான். அவன் விட்டுச் சென்ற செம்மை வானத்தில் இன்னும் ஆறவில்லை. அதற்குள் கீழ்த்திசைப் பனந்தோப்புக்கு மேலே, முழுமைக்கு இரண்டே நாள் குறைந்த வளர்பிறைச் சந்திரன் எழுந்து, அகன்று கிடந்த ஆற்று மணலின் மீது தன் வெண்ணிற ஒளியை மெல்ல மெல்லப் பரப்பத் தொடங்கியிருந்தான். இரு கரைகளிலும் நெடிதோங்கிய மருத மரங்கள் மேல்காற்றில் சலசலத்தன. ஊர்ப் பெண்கள் வாழை மட்டைகளில் அகல் விளக்குகளை ஏற்றி ஆற்றில் விட்டார்கள். அவை நாலு முழம் போவதற்குள் மணலில் தட்டி நின்றுவிட்டன. குனிந்து குனிந்து கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள், பாவம்.

வடகரையில் குன்றவள நாட்டின் படை பாசறை அமைத்திருந்தது. இரண்டாயிரம் வீரர்கள். வேல்களைச் சாத்திவிட்டுப் புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் உண்டுகொண்டிருந்த அவர்கள், விடிந்தால் ஆற்றோடு மேலே ஏறி மேல்மலை நாட்டின் மீது பாயவேண்டும் என்பது கட்டளை. புலிமடு என்னும் இடத்தில் மேல்மலையார் ஆற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள், அதை உடைத்தால்தான் நமக்குத் தண்ணீர் என்று குன்றவள நாட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

நம்பாமல் என்ன செய்வார்கள்? பாறையே சொல்கிறதே! ஆறு தலைமுறைகளுக்கு முன் காவிரிக் கரையிலிருந்து வந்து இந்த நாட்டில் குடியேறிய முன்னோர்கள், ஆற்றின் நடுவே நிற்கும் பெரும்பாறையில் ஆண்டுதோறும் ஆடி பதினெட்டன்று நீர் நிற்கும் மட்டத்துக்கு ஒரு கோடு வெட்டி வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். அளவுப்பாறை என்று அதற்குப் பெயர். ஏரி வாரியத்துப் பெருமகனார் நீராடி, மஞ்சள் துணி உடுத்தி, வெள்ளி உளியால் அந்தக் கோட்டை வெட்டுவார். எந்த ஊருக்கு எவ்வளவு நீர், எந்த ஏரியை எவ்வளவு உயர்த்துவது என்பதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் முடிவாகும். கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. இன்று மாலை வெட்டிய கோடு எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது.

பாசறையின் நடுக் கூடாரத்துக்கு வெளியே நின்று அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான் குன்றவள நாட்டின் தலைவன் விடங்கவேள். இருபத்தாறு வயது. அகன்ற மார்பு, ஆழ்ந்த கண்கள், கோபம் வந்தால் சட்டென்று சிவந்து அதே வேகத்தில் தெளிந்துவிடும் முகம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஆடி மாதத்தில், இதே ஆற்றுக்காக நடந்த எல்லைச் சண்டையில் மேல்மலை அரசன் எய்த அம்பு அவனுடைய தந்தையின் கழுத்தில் பாய்ந்தது. சிதைக்குத் தீ மூட்டிய கையோடு அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை, மேல்மலை அரச குலத்தில் ஒருவரையும் உயிரோடு விடமாட்டேன் என்று ஊரறியச் சபதம் செய்திருந்தான். நாளை அந்தச் சபதம் நிறைவேறும். அதை நினைத்தால் மகிழ்ச்சி வரவேண்டும் அல்லவா? ஏனோ வரவில்லை.

அந்த நேரத்தில் ஆற்றுப் பக்கம் கூச்சல் எழுந்தது. வீரர்கள் இருவர் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். அழைத்து வந்தார்கள் என்பதைவிட, அவள் முன்னால் நடக்க அவர்கள் பின்னால் ஓடி வந்தார்கள் என்பதே சரி. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். முழங்கால் வரை நனைந்த பருத்திச் சேலை; தோளில் முடிச்சுகள் போட்ட நீண்ட கயிறு; கையில் கோடு கீறிய மூங்கில் கோல். வெயிலில் வாடி நிறம் மங்கிய முகந்தான். ஆனாலும் அந்தக் கண்களின் ஒளியைக் கண்ட பாசறை வீரர்கள் பலருக்குக் கையிலிருந்த புளிச்சோறு மறந்து போயிற்று.

"அளவுப்பாறை மேலே ஏறி நின்னு கயிறு போட்டு அளந்துக்கிட்டிருந்தா, ஐயா!" என்றான் ஒரு வீரன், மூச்சிரைக்க. "இறங்குடின்னு சத்தம் போட்டேன். 'கொஞ்சம் பொறு அண்ணே, முடிச்சை எண்ணி முடிச்சிடறேன்'னு சொல்றா! நானும் என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னுட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்காதவர் இருவர். ஒருவன் படைத்தலைவன் மல்லரையன். சிரிப்பதற்கென்று அவன் முகத்தில் இடமே கிடையாது. இன்னொருவர் ஏரி வாரியத்துப் பெருமகனார் சாத்தன் கிழார். அறுபது வயதைக் கடந்த அந்தப் பெரியவர் இன்று மாலை கோடு வெட்டிய உளியை இன்னும் இடுப்பில் செருகியிருந்தார்.

"உளவாளி!" என்றான் மல்லரையன். "அரசே, விசாரணை எதற்கு? மேல்மலையான் அனுப்பியவள் இவள்."

"உளவு பார்க்க வந்தவள் படையை அல்லவா எண்ணுவாள், ஐயா?" என்றாள் அந்தப் பெண். "உங்கள் படையை நான் எண்ணவே இல்லை. நான் எண்ணியதெல்லாம் தூளிகள்."

"என்னது?" என்றான் விடங்கவேள்.

"தூளிகள். பிள்ளைகளைப் போட்டு ஆட்டுவார்களே, அந்தத் தூளிகள். என் பெயர் கொற்றி. ஏரி வேலை செய்யும் கல்தச்சர் வீட்டுப் பெண். மூன்று ஆண்டுகளாக உங்கள் நாட்டின் நாற்பத்திரண்டு ஊர்களிலும் நடந்து, வீடு வீடாக எண்ணியிருக்கிறேன். வீட்டுக்கு இரண்டு தூளிக்குக் குறைவில்லை."

சாத்தன் கிழார் பதறிப் போனார். "பிள்ளைகளை எண்ணினாயா? அடி பாதகி! கண் பட்டுவிடாதா?"

"என் கண் படாது, பெரியவரே, தண்ணீர் இல்லாவிட்டால் பட்டினி படும். இன்று தூளியில் கிடப்பவர்கள் ஏர் பிடிக்கும்போது இப்போது உழுவதைப் போல் இரண்டு பங்கு நிலம் வேண்டும். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் தலையெடுக்கும்போது மூன்று பங்கு வேண்டும். அதற்குத் தண்ணீர் எங்கே வைத்திருக்கிறீர்கள்? இதைக் கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன்."

வாசகர்களே, அரசர்களைப் பார்த்து இப்படிக் கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்த கேள்வி கேட்க இருந்ததில்லை. விடங்கவேளுக்கோ கோபம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக இரவும் பகலும் அவன் மனத்தை அரித்துக்கொண்டிருந்த கவலையை, முன்பின் தெரியாத ஒருத்தி பட்டென்று போட்டு உடைத்துவிட்டாள்.

"ஊர்க்கோடியில் ஒரு சிற்றேரி கட்ட வாரியம் தீர்மானித்திருக்கிறது" என்றார் சாத்தன் கிழார், இன்னும் கோபம் தணியாமல். "இன்றுள்ள நிலத்துக்கு அளவான ஏரி. அதை நிரப்பவே ஆற்றில் நீர் இல்லை. பேரேரி கட்டிவிட்டு அதில் எதை நிரப்புவது? காற்றையா? அதோ, பாறையைப் பார். பொய் சொல்லாத பாறை!"

"அது பொய் சொல்லவில்லை. நீங்கள்தான் அதனிடம் தப்பான நாளில் போய்க் கேட்கிறீர்கள்."

பாசறை முழுவதும் ஒரே கூச்சல். மல்லரையன் வாளின் பிடியில் கை வைத்தான். விடங்கவேள் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினான். "பெண்ணே, அளந்து பேசு. எங்கள் முன்னோர் ஏற்படுத்திய வழக்கம் அது."

"உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், அரசே?"

"காவிரிக் கரையிலிருந்து."

"காவிரியில் ஆடியில் வெள்ளம் வரும். குடகு மலையில் மழை பெய்யும் காலம் அது. இந்தக் காரியாறு குடகிலிருந்தா வருகிறது? இதோ நிற்கிற மேல்மலையிலிருந்து வருகிறது. மேல்மலையில் பெருமழை எந்த மாதத்தில் பெய்யும்?"

சோறு தின்றுகொண்டிருந்த ஒரு கிழட்டு வீரன் தன்னை அறியாமல், "ஐப்பசியிலே" என்றான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஐப்பசியில்!" என்றாள் கொற்றி. "ஆற்றை விட்டு வந்தவர்கள் ஆற்றின் திருநாளை மட்டும் மறக்காமல் கையோடு கொண்டுவந்து, வேறோர் ஆற்றுக்கு அணிவித்துவிட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக, இந்த ஆறு இளைத்துக் கிடக்கும் நாளாகப் பார்த்து அதை அளக்கிறீர்கள். அளந்துவிட்டு, ஐயோ தண்ணீர் இல்லையே என்று அழுகிறீர்கள்."

"ஐப்பசியில் வருவது தண்ணீரா?" என்று வெடித்தார் சாத்தன் கிழார். "அது பேய்வெள்ளம்! நாலு நாள் ஆடு மாட்டை அடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கடலில் விழும். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்போம். அந்தக் கண்ணராவியை யாராவது அளப்பார்களா?"

"அளக்கவில்லை. அதனால்தான் அது எவ்வளவு என்று தெரியவில்லை. அரசே, அந்த மருத மரத்தில் ஏறிப் பாருங்கள்."

அவள் காட்டிய மரம் கரையோரத்தில் நின்றது. அதன் அடியில் மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழங்களும் இருந்தன. உயரத்தில், இரண்டு கிளைகள் பிரியும் இடத்தில், ஒரு பெரிய மரக்கட்டை குறுக்கே செருகிக் கிடந்தது. யானை மேல் நின்று கையை நீட்டினாலும் எட்டாத அந்த இடத்தில் மனிதர் யார் கொண்டு போய் வைக்க முடியும்? முனியப்பன்தான் வைத்தார் என்று ஊரார் முடிவு கட்டிப் பூசை போட்டு வந்தார்கள்.

"முனி கட்டை, அரசே! தொடக்கூடாது!" என்று பலர் கத்தினார்கள். விடங்கவேள் ஒரு கணம் தயங்கினான். பிறகு மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கச்சையை இறுக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டான். நாட்டின் தலைவன் மரமேறுவதைக் கண்டு பெண்கள் விளக்குகளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். நிலவொளியும் மாலையொளியும் கலந்த அந்த வெளிச்சத்தில் அவன் கட்டையைத் தடவிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், இடுக்கிலிருந்து எதையோ பிடுங்கினான். இறங்கி வந்தபோது அவன் கையில் காய்ந்த வண்டல் மண்ணும், அதில் ஒட்டிய நத்தை ஓடுகளும், துருப்பிடித்த ஓர் இரும்பாணியும் இருந்தன.

"படகுப் பலகை" என்றான் மெதுவாக. "வெள்ளம் கொண்டுவந்து செருகியிருக்கிறது. நான் ஏறிய அந்த உயரத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது."

கொற்றி தன் தோளிலிருந்த கயிற்றைச் சாத்தன் கிழாரிடம் நீட்டினாள். "நீங்களே அளந்து பாருங்கள், பெரியவரே. நான் அளந்தால் நம்பமாட்டீர்கள்."

கிழார் அதை வாங்கிக்கொண்டார். ஒரு வீரனை மரத்தில் ஏறச் சொல்லிக் கயிற்றைத் தொங்கவிடச் செய்து, ஒவ்வொரு முடிச்சாகத் தாமே எண்ணினார். ஒரு முறை எண்ணிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மரத்தடியில் நாள் தவறாமல் விழுந்து கும்பிட்டேன், அரசே. நிமிர்ந்து பார்க்கவில்லை" என்றார். "முப்பத்தொரு கோடு வெட்டியிருக்கிறேன். முப்பத்தொன்றும் என் கையால் வெட்டியது. அத்தனையும் தப்பு." விடங்கவேள் குனிந்து அவருடைய தோளைப் பற்றிக்கொண்டான். தம் தவற்றை இரண்டாயிரம் பேர் முன்னிலையில் உரக்கச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள், வாசகர்களே! எனக்கென்னவோ அன்று அந்தப் பாசறையில் இருந்த வீரர்களில் அவரைத்தான் முதலில் வைக்கத் தோன்றுகிறது.

"பெண்ணே" என்றான் விடங்கவேள், "கட்டவேண்டிய ஏரியை எனக்குக் காட்டு."

கொற்றி ஆற்று மணலில் மண்டியிட்டாள். மூங்கில் கோலால் ஒரு கோடு இழுத்தாள், அது காரியாறு. கையால் மணலைக் குவித்தாள், அது மேல்மலை. வடக்கே இரண்டு சிறு குவியல்கள். அவை இரட்டைக் குன்றுகள். அவற்றுக்கு நடுவே உள்ளங்கையால் அழுத்தி ஒரு பள்ளம் செய்தாள். "காராம்பள்ளம். இப்போது முள்ளும் நரியுமாகக் கிடக்கிறது. இந்த இரண்டு குன்றுகளையும் இணைத்து ஒரு கரை போட்டால் போதும், மற்ற மூன்று பக்கமும் மேடு. மலையிலிருந்து மூன்று காதம் வாய்க்கால் வெட்டி ஐப்பசி வெள்ளத்தைத் திருப்பிவிடலாம். பேய்வெள்ளமும் ஊருக்குள் வராது. கரையில் ஆறு மதகுகள் வையுங்கள். இப்போதைக்கு நான்கைத் திறந்தால் போதும்."

"மற்ற இரண்டு?"

"அவை தூளியில் கிடப்பவர்களுக்கு. நிலம் பெருகும்போது அவர்கள் திறந்துகொள்வார்கள். கரை எழுந்த பிறகு அதைக் குடைந்து மதகு வைக்க முடியாது, அரசே, கரை போய்விடும். இப்போதே வைத்து, கல்லடைத்து மூடிவிட வேண்டும்."

அவள் செம்பில் நீர் மொண்டு மணல் மலையின் மேல் ஊற்றினாள். நீர் அவள் கீறிய வாய்க்கால் வழியே வளைந்து ஓடிப் பள்ளத்தில் விழுந்து நிறைந்தது. தரையில் தவழ்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த விடங்கவேள் சிறு பிள்ளையைப் போல் வாய்விட்டுச் சிரித்தான். நிமிர்ந்தபோது, அவள் முகம் மிக அருகில் இருந்தது. புருவத்தில் மணல் ஒட்டியிருந்தது. கல்லிலும் கயிற்றிலும் உரசிக் காய்த்துப் போன அவளுடைய விரல்களைக் கண்டான். எந்த அரண்மனையிலும் இப்படிப்பட்ட அழகை அவன் பார்த்ததில்லை, உள்ளம் தடுமாறியது. கொற்றியும் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் இன்னொரு செம்பு தண்ணீரை ஊற்றினாள்.

அந்த இரண்டாவது செம்புத் தண்ணீர்தான் வினையாக வந்தது. சாத்தன் கிழார் அதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, வாய்க்காலை ஏன் அவ்வளவு மேலே தொடங்குகிறாய்? நம் எல்லைக்குள் தொடங்கக் கூடாதா?"

"கூடாது, பெரியவரே. நம் எல்லையில் ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. தண்ணீர் மேடேறாது. காராம்பள்ளத்துக்கு மேலே ஆறு இருப்பது ஓரிடத்தில்தான்."

"எங்கே?"

கொற்றி கோலின் நுனியால் மணல் மலையின் அடிவாரத்தைத் தொட்டாள். "புலிமடுவில்" என்றாள்.

மல்லரையன் இடிச் சிரிப்புச் சிரித்தான். அவனுக்கும் சிரிக்கத் தெரியும் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. "புலிமடு மேல்மலையானுடையது! பார்த்தீர்களா, அரசே? சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. நாளைக் காலை படையெடுத்துப் புலிமடுவைப் பிடிப்போம். பிறகு எத்தனை வாய்க்கால் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்!"

"பிடிக்கலாம்" என்றாள் கொற்றி. "மூன்று காத வாய்க்காலை எத்தனை நாள் காவல் காப்பீர்கள்? நூறு ஆண்டா? ஒரு மழையிரவில் மலையிலிருந்து பத்துப் பேர் கடப்பாரையோடு இறங்கினால் போதும், உங்கள் ஏரி வறண்ட பள்ளந்தான். வலுவில் பிடுங்கிய தலைமதகு நிற்காது. மேல்மலையார் மனம் ஒப்பித் தரவேண்டும்."

விடங்கவேள் எழுந்து நின்றான். சற்றுமுன் மலர்ந்த முகம் இருண்டது. "அந்தக் கொலைகாரனா தருவான்? அவன் தந்தாலும் நான் கை நீட்டி வாங்குவேனா? கொற்றி, எல்லாம் அழகாகச் சொன்னாய். கடைசியில் நடக்காத காரியத்தைச் சொல்லிவிட்டாய். யார் எனக்குப் புலிமடுவைத் தரப் போகிறார்கள்?"

அந்தப் பெண்ணும் எழுந்தாள். கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டாள். இதுவரை கேலியும் துடுக்குமாகப் பேசி வந்தவள் நிமிர்ந்து நின்ற தோரணையைக் கண்டு, சுற்றியிருந்த வீரர்கள் காரணம் தெரியாமலே ஓரடி பின்வாங்கினார்கள்.

"நான் தருகிறேன்" என்றாள்.

"நீயா? தருவதற்கு நீ யார்?"

அவள் தன் கூந்தல் முடிச்சை அவிழ்த்து, அதற்குள் மறைத்து வைத்திருந்த மோதிரத்தை எடுத்து விரலில் அணிந்துகொண்டாள். கடமான் பொறித்த முத்திரை நிலவில் பளிச்சிட்டது. "கல்தச்சர்களிடம் வேலை கற்றது உண்மை, அவர்கள் வீட்டில் பிறந்தேன் என்பது பொய். அதற்காக மன்னிக்கவேண்டும். தாங்கள் பழிவாங்கச் சபதம் செய்திருக்கும் மேல்மலை அரசர் மூன்று மாதங்களுக்கு முன் நோயில் காலமானார். எங்கள் மலையில் நால்வருக்குத்தான் அது தெரியும். அவருடைய மகள் கொற்றிநங்கை நான். மேல்மலை நாட்டை இன்று ஆள்பவள் நானே."

மல்லரையனுடைய வாள் உறையிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. "அரசே! சபதம்! தெய்வமே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஒரே வீச்சு; மேல்மலை நாடு போரில்லாமல் நம்முடையது!"

அவன் சொன்னது பொய்யில்லை. அரசன் இறந்த செய்தியையும், அரியணைக்கு உரியவளின் கழுத்தையும் ஒரே நேரத்தில் பகைவன் கையில் கொடுத்துவிட்டு அவள் நின்றுகொண்டிருந்தாள். விடங்கவேளின் வலக்கை வாளை உருவிவிட்டது.

"என் தந்தை இந்த மணலில்தான் விழுந்தார்" என்றான். "உன் தந்தை எய்த அம்பினால்."

"அறிவேன். அன்று என் அண்ணனும் இந்த மணலில்தான் விழுந்தான். பதினேழு வயது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவான்." அவளுடைய கண்களில் நீர் நிறைந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை. "எதற்காக அடித்துக்கொண்டார்கள் அரசே? ஆடியில் ஓடும் இந்த முழங்கால் அளவுத் தண்ணீருக்காக. எங்கள் நாட்டிலும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், ஆடித் தண்ணீரில் நாங்களும் கை வைக்கிறோம், நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஐப்பசியில் வந்த வெள்ளம் இரண்டு நாட்டுக்கும் பத்தாண்டுக்குப் போதும். இருவரையும் எரித்த சாம்பலை அடித்துக்கொண்டு அது கடலுக்குப் போயிற்று. மூன்றே மாதம் யாராவது பொறுத்திருந்தால் இருவரும் உயிரோடு இருந்திருப்பார்கள். அதை நினைத்துத்தான் நான் அளக்கத் தொடங்கினேன்."

பதினான்கு வயதில் தீயின் முன் நின்று சொன்ன சொல் விடங்கவேளைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தது. மறுபக்கம், நாற்பத்திரண்டு ஊர்களிலும் தொங்கும் தூளிகள். அவன் வாளை மெல்லத் தாழ்த்தினான். பிறகு அதை மணலில் கிடத்தினான்.

"கேளுங்கள்!" என்றான், பாசறை முழுவதும் கேட்கும்படி. "என் தந்தையின் பெயரால் செய்த சபதத்தை இன்று நான் கைவிடுகிறேன். அதனால் பழி வருமானால் அது என் ஒருவன் தலையில் விடியட்டும். நாளைப் பயணம் இல்லை. மேல்மலைக் குடியில் யார் மீதும் இந்தக் கை இனி வாள் ஓங்காது. காரியாறு அறிய இது ஆணை!"

வீரர்கள் எழுப்பிய ஆரவாரத்தில் மருத மரத்துப் பறவைகள் எல்லாம் கலைந்து எழுந்தன. மல்லரையன் மட்டும் அசையவில்லை. "உத்தரவு எப்படியோ அப்படியே நடப்பேன், அரசே. ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த அம்மையார் மலையேறிப் போனபின் மனம் மாறிவிட்டால்? பாதி வாய்க்கால் வெட்டிய பிறகு புலிமடு கிடையாது என்று சொல்லிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?"

"நியாயமான கேள்வி" என்றாள் கொற்றிநங்கை. "நான் மலையேறிப் போனால்தானே? என் தம்பிக்கு இப்போதுதான் வயது வந்திருக்கிறது, அமைச்சர்கள் துணையிருக்கிறார்கள், அரியணையை அவன் பார்த்துக்கொள்வான். இறந்துபோன என் அண்ணன் மீது ஆணையாகச் சொல்கிறேன். காராம்பள்ளத்துப் பேரேரி நிறைந்து வழியும் வரையில் நான் குன்றவள நாட்டின் பிணைக்கைதி. எல்லை கடக்கமாட்டேன். என் நாட்டார் சொல் தவறினால் என் தலையை எடுத்துக்கொள்ளலாம்."

விடங்கவேள் திகைத்துப்போனான். "கிழாரே, இவர் சொன்னபடி ஏரி கட்டி முடிக்க எவ்வளவு காலம் ஆகும்?"

சாத்தன் கிழார் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "வாய்க்கால், கரை, மதகு எல்லாம் சேர்த்து, எப்படி முயன்றாலும் ஏழு ஆண்டுகளுக்குக் குறையாது, அரசே."

"ஏழு ஆண்டுகளா!" விடங்கவேள் அவள் பக்கம் திரும்பினான். "தேவி, ஒரு மழைக்காலம் என்று நினைத்து அவசரப்பட்டு ஆணையிட்டுவிட்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கள். இப்போதே அந்த ஆணையைத் தங்களிடமே திருப்பித் தந்துவிடுகிறேன்."

கொற்றிநங்கை தரையில் கிடந்த மூங்கில் கோலை எடுத்துக்கொண்டாள்.

"எட்டு ஆண்டுகள், அரசே. எண்ணிக்கொண்டுதான் ஆற்றைக் கடந்தேன். புதுக்கரை இறுகுவதற்கு ஒரு மழைக்காலம் நீர் தேக்காமல் விடவேண்டும். கிழார் அதைச் சேர்க்க மறந்துவிட்டார்."